டிவிக்கும் மானிட்டருக்கும் பின்னால் ஸ்மார்ட் லைட்: தேர்வு செய்வதிலிருந்து ஒட்டி முடிப்பது வரை

லைட்டை எல்லாம் அணைத்துவிட்டு டிவி பார்த்தால் கண் ஏன் எரிகிறது என்பதற்கு ஓர் எண்ணே பதில் சொல்லிவிடும். தியேட்டர் திரையில் வெள்ளை நிறத்துக்கு வகுத்திருக்கும் வெளிச்ச அளவு சதுர மீட்டருக்கு 48 கேண்டெலாதான். வீட்டு டிவி சாதாரணப் படத்திலேயே இருநூறு முந்நூறைத் தொடும். வெளிச்சத்தையும் இருட்டையும் கூடுதல் வீச்சில் காட்டும் எச்.டி.ஆர். படத்தில் நல்ல டிவிகள் சில இடங்களில் ஆயிரத்தையும் தாண்டும். சுற்றிலும் கும்மிருட்டு, நடுவில் இவ்வளவு பளீரென்று ஒரு செவ்வகம். இருட்டுக் காட்சிக்கு விரிந்த கண்மணி அடுத்த நொடியே சுருங்க வேண்டியிருக்கிறது. படம் முடியும்வரை கண்ணுக்கு இதே வேலை.

டிவிக்குப் பின்னால் சுவரில் மங்கலான வெளிச்சம் படர்ந்திருந்தால் இந்தச் சிரமம் வெகுவாகக் குறையும். படத்துக்கும் நல்லது. பக்கத்தில் வெளிச்சம் இருந்தால் இருண்ட இடம் இன்னும் இருண்டதாகத் தெரிவது கண்ணின் இயல்பு. ஐ.பி.எஸ். பேனல் உள்ள எல்.சி.டி. டிவியில் ராத்திரிக் காட்சிகள் சாம்பல் பூத்தாற்போல் தெரியும் அல்லவா, அந்தச் சாம்பல் கறுப்பாகத் தோன்ற ஆரம்பிக்கும். ஓ.எல்.இ.டி. டிவியில் கறுப்பு ஏற்கெனவே கறுப்புதான். அங்கே கண்ணுக்குக் கிடைக்கும் இதமே முக்கிய லாபம். அறையின் டியூப்லைட்டால் இதைச் செய்ய முடியாது. அதன் வெளிச்சம் திரைமேலேயே விழுந்து பிரதிபலிக்கும். திரையில் படாமல் சுவரில் மட்டும் பட வேண்டும்.

கடையில் டிவிக்குப் பின்னால் ஒட்டும் ஸ்மார்ட் லைட் என்று கிடைப்பவை இரண்டு வேலைகளைச் செய்கின்றன. ஒன்று, நிலையான வெள்ளை வெளிச்சம். இன்னொன்று, திரையில் ஓடும் நிறத்துக்கு ஏற்பச் சுவரின் நிறத்தையும் மாற்றுவது. விளம்பரங்களில் வருவதெல்லாம் இரண்டாவதுதான். என் அபிப்பிராயம் இது: எந்தச் செட் வாங்கினாலும் முதல் வேலையை ஒழுங்காகச் செய்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் இரண்டாவதற்குப் போக வேண்டும். நிறம் மாறுவது சில வாரங்களில் பழகிவிடும். நல்ல வெள்ளை வெளிச்சம் தினமும் உதவும்.

முதல் படி: சுவரைப் பாருங்கள்

விளக்கின் நிறத்தைக் கடைசியில் முடிவு செய்வது சுவர்தான். நம் ஊர் வீடுகளில் ஹாலுக்கு இளம்பச்சை, ரோஸ், மஞ்சள், வெளிர்நீலம் என்று பெயிண்ட் அடித்திருப்பார்கள். இளம்பச்சைச் சுவரில் எவ்வளவு விலை உயர்ந்த வெள்ளை விளக்கைப் போட்டாலும் திரும்பி வருவது பச்சை கலந்த வெளிச்சமே. சுற்றிலும் பச்சை தெரிந்தால் திரையில் இருக்கும் முகங்கள் சிவந்தாற்போல் தோன்றும். மஞ்சள் சுவர் என்றால் படம் நீலம் பாய்ந்தது போலிருக்கும். ஆப்பில் நிறத்தை மாற்றி ஓரளவு சரிசெய்யலாம். டிவிக்குப் பின்புறச் சுவரை மட்டும் வெள்ளையாகவோ வெளிர்சாம்பலாகவோ அடித்துவிடுவது நிரந்தரத் தீர்வு. வாடகை வீடாக இருந்தால் மேட் வெள்ளை ஃபோம் போர்டை டிவியைவிடச் சுற்றிலும் இரண்டு சாண் பெரிதாக வெட்டி மாட்டலாம்.

அடுத்தது பளபளப்பு. டிவி யூனிட்டில் பளபளக்கும் சன்மைக்காவோ பின்னால் மார்பிள் மாதிரியான ஷீட்டோ இருந்தால் வெளிச்சம் படராது, ஒவ்வொரு எல்.இ.டி.யும் தனித்தனிப் புள்ளியாகக் கண்ணாடியில் தெரிவது போலத் தெரியும். இப்போது பரவலாக ஒட்டும் வரிவரியான பேனல்களில் ஒவ்வொரு பள்ளத்திலும் நிழல் விழும். அது சிலருக்கு அழகாகவே படும், ஆனால் நிறம் மாறும் விளக்குக்கு ஒத்துவராது.

மூன்றாவது, டிவிக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளி. சுவரோடு ஒட்டினாற்போல் மாட்டிய டிவியில் வெளிச்சம் ஓரத்தில் மெல்லிய கோடாக மட்டும் கசியும். பத்து சென்டிமீட்டர் இடைவெளி இருந்தால் நன்றாகப் படரும். முன்னே இழுக்கக்கூடிய ஸ்டாண்ட் வைத்து மாட்டியவர்களுக்கு இது எளிது.

இரண்டாம் படி: படம் எந்த வழியாக டிவிக்கு வருகிறது?

வெள்ளை வெளிச்சம் போதும் என்பவர்கள் இதைத் தாண்டிவிடலாம். நிறம் மாறும் விளக்கு வேண்டும் என்பவர்கள் பிராண்டைப் பார்ப்பதற்கு முன் இந்தக் கேள்விக்குப் பதில் கண்டுபிடிக்க வேண்டும். பணம் வீணாவது பெரும்பாலும் இங்கேதான்.

திரையின் நிறத்தை விளக்கு தெரிந்துகொள்ள நான்கு வழிகள் இருக்கின்றன.

டிவிக்குள்ளேயே விளக்கு இருப்பது ஒரு வழி. பிலிப்ஸ் 2004இல் கொண்டுவந்த ஆம்பிலைட் இந்த வகை. படத்தைத் தயாரிப்பதே டிவி என்பதால் கேபிள், யூ.எஸ்.பி., டிவிக்குள் இருக்கும் ஆப் என்று எதில் ஓடினாலும் விளக்கு வேலை செய்யும். புது டிவி வாங்கப்போகிறவர்கள் மட்டும் யோசிக்க வேண்டிய வழி இது.

எச்.டி.எம்.ஐ. சிங்க் பாக்ஸ் இரண்டாவது. செட்டாப் பாக்ஸ், பிளேஸ்டேஷன், ஃபயர் டிவி ஸ்டிக் எல்லாம் இந்தப் பெட்டியில் செருகப்படும். பெட்டியிலிருந்து ஒரே கேபிள் டிவிக்குப் போகும். நடுவில் ஓடும் படத்தைப் பெட்டி படித்து விளக்கை மாற்றும். துல்லியம் நன்றாக இருக்கும், தாமதம் தெரியாது. ஆனால் டிவிக்குள் இருக்கும் நெட்ஃபிளிக்ஸ், யூடியூப் ஆப்களில் பார்த்தால் படம் அந்தப் பெட்டி வழியாக வருவதே இல்லை, விளக்கு அசையாது. ஸ்மார்ட் டிவியின் சொந்த ஆப்பிலேயே எல்லாவற்றையும் பார்க்கும் வீட்டுக்கு சிங்க் பாக்ஸ் மட்டும் வாங்கினால் பயனில்லை. கூடவே ஒரு ஸ்டிக்கும் செருகி, இனி அதில்தான் பார்ப்போம் என்று வீட்டில் எல்லோரும் ஒத்துக்கொள்ள வேண்டும். பிலிப்ஸ் ஹியூ என்ற ஸ்மார்ட் விளக்கு பிராண்ட் 2019இல் விட்ட முதல் சிங்க் பாக்ஸ் எச்.டி.எம்.ஐ. 2.0 வகை, 4கே படத்தை நொடிக்கு 60 ஃபிரேம்வரைதான் கடத்தும். பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் இரண்டும் 4கேயில் 120 ஃபிரேம் தரக்கூடியவை. கேம் ஆடுகிறவர்கள் எச்.டி.எம்.ஐ. 2.1 உள்ள பெட்டியா என்று கேட்டு வாங்க வேண்டும். 2024இல் வந்த ஹியூவின் 8கே பெட்டி அந்த வகை. ஹியூவில் பெட்டியும் விளக்கும் மட்டும் போதாது, விளக்குகளை வீட்டு நெட்வொர்க்கோடு இணைக்கும் ஹியூ பிரிட்ஜ் என்ற சின்னப் பெட்டியும் தேவை. விலை கூட்டும்போது அதை மறந்துவிடாதீர்கள்.

மூன்றாவது, கேமரா. டிவியின் மேலோ கீழோ ஒரு சின்னக் கேமரா உட்கார்ந்து திரையையே பார்த்துக்கொண்டிருக்கும். கோவீ, நானோலீஃப் ஆகிய கம்பெனிகள் இதைத் தருகின்றன. எதில் படம் ஓடினாலும் வேலை செய்யும் என்பது பெரிய வசதி. டிவி ஆப்பிலேயே பார்க்கும் சராசரிக் குடும்பத்துக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். குறைகளும் உண்டு: பகல் வெளிச்சமோ எதிர்ச் சுவர் டியூப்லைட்டோ திரையில் பட்டால் நிறத்தைத் தப்பாகப் படிக்கும், கேமரா கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். ஹாலில் கேமரா இருப்பது பிடிக்காத பெரியவர்கள் உள்ள வீட்டில் முதலிலேயே கேட்டுவிடுவது மரியாதை.

நான்காவது, டிவியிலேயே போடும் ஆப். ஹியூ இதைச் சில சாம்சங் மாடல்களுக்கு 2023இல் கொண்டுவந்தது. பெட்டி வேண்டாம், கேமரா வேண்டாம். ஆனால் குறிப்பிட்ட மாடல்களில் மட்டுமே ஓடும். உங்கள் டிவியின் மாடல் எண்ணை வைத்துப் பார்த்த பிறகே நம்புங்கள்.

கைவேலையில் ஆர்வம் உள்ளவர்களுக்கு இன்னொரு பாதையும் உண்டு. இ.எஸ்.பி.32 என்ற சின்ன போர்டு, அதில் ஓடும் டபிள்யூ.எல்.இ.டி. என்ற இலவச மென்பொருள், ஒவ்வொரு எல்.இ.டி.யையும் தனியாக இயக்கக்கூடிய ஸ்ட்ரிப் (எல்.இ.டி.கள் வரிசையாகப் பதித்த பட்டை), படத்தைப் பிடிக்க ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினி, எச்.டி.எம்.ஐ. படத்தை அதற்குள் கொண்டுவரும் கேப்சர் கார்டு, ஹைப்பர்எச்.டி.ஆர். மென்பொருள். கடைச் செட்டைவிட நுணுக்கமாக அமைக்கலாம். எச்.டி.ஆர். படத்தைச் சாதாரணக் கேப்சர் கார்டில் பிடித்தால் நிறம் வெளுத்து வரும். அதைத் திருத்துவதற்காகவே ஹைப்பர்எச்.டி.ஆர். இருக்கிறது.

மூன்றாம் படி: ஸ்ட்ரிப்பின் நீளம், வகை, மின்சாரம்

நீளத்தை முதலில் கணக்கிடுங்கள். 55 அங்குலத் திரையின் அகலம் ஏறத்தாழ 122 சென்டிமீட்டர், உயரம் 69. மேல்புறமும் இரண்டு பக்கங்களும் சேர்த்தால் 2.6 மீட்டர். 43 அங்குலத்துக்கு 2 மீட்டர், 65க்கு 3.1 மீட்டர். 27 அங்குல மானிட்டருக்கு 1.3 மீட்டர் போதும்.

கீழ்ப்புறத்தை நான் வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். நம் வீடுகளில் டிவியைச் சற்று உயரத்தில் மாட்டிவிட்டு, பாதிப் பேர் கீழே பாயில் உட்கார்ந்தோ படுத்தோ பார்ப்பது வழக்கம். அவர்கள் அண்ணாந்து பார்க்கும்போது கீழ் ஓர ஸ்ட்ரிப்பின் எல்.இ.டி.கள் நேரடியாகக் கண்ணில் குத்தும். டிவி யூனிட்டின் மேல்பலகை பளபளப்பாக இருந்தால் அதிலும் பிரதிபலிக்கும். மூன்று பக்கமே போதும்.

வகை என்று பார்த்தால், விலை குறைந்த ஆர்.ஜி.பி. ஸ்ட்ரிப் முழுதும் ஒரே நேரத்தில் ஒரே நிறம்தான் காட்டும். திரையின் இடது பக்கம் கடல், வலது பக்கம் அந்திவானம் என்றால் இரண்டையும் தனித்தனியே காட்ட அதனால் முடியாது. அதற்கு ஆர்.ஜி.பி.ஐ.சி. என்றோ தனித்தனியே இயங்கும் எல்.இ.டி. என்றோ போட்டிருக்க வேண்டும். சிவப்பு, பச்சை, நீலத்தைக் கலந்து உண்டாக்கும் வெள்ளை பெரும்பாலும் ஊதாவோ நீலமோ கலந்ததாகத்தான் வரும். வெள்ளைக்கென்று தனி எல்.இ.டி. உள்ள ஆர்.ஜி.பி.டபிள்யூ. ஸ்ட்ரிப் கிடைத்தால் கூடுதல் காசு கொடுத்து வாங்குவது தகும்.

நிறம் மாறவே வேண்டாம், வெள்ளை போதும் என்றால் 6500 கெல்வின் (வெள்ளையின் சாயலைச் சொல்லும் அளவு), சி.ஆர்.ஐ. (நிறங்களை உள்ளபடி காட்டும் திறனின் அளவு) 90க்கு மேல் என்று அட்டையில் இருக்கிறதா பாருங்கள். படம் எடுப்பவர்கள் நிறம் திருத்தும் மானிட்டரின் வெள்ளை டி65 என்ற அளவில் வகுக்கப்பட்டது. அதன் பின்னணி வெளிச்சமும் அதே வெள்ளையாக இருக்க வேண்டும் என்பதால் இந்த எண். மஞ்சள் கலந்த 3000 கெல்வின் ஸ்ட்ரிப் ஹாலுக்கு அழகு தரும், படத்தின் நிறத்தைக் கெடுக்கும்.

மின்சாரத்தில் சற்று நிதானம் வேண்டும். டிவியின் யூ.எஸ்.பி. 2.0 துளை 5 வோல்ட்டில் அரை ஆம்பியர், அதாவது இரண்டரை வாட் தரும். சின்ன வெள்ளை ஸ்ட்ரிப்புக்கு இது போதும். டிவியோடு எரிந்து டிவியோடு அணையும் வசதியும் பெரும்பாலும் கிடைத்துவிடும். நிறம் மாறும் ஸ்ட்ரிப்புக்கு அதன் சொந்த அடாப்டரே வேண்டும். டபிள்யூ.எஸ். 2812பி வகையில் ஒரு எல்.இ.டி. முழு வெள்ளையில் 60 மில்லி ஆம்பியர்வரை இழுக்கும். மீட்டருக்கு 60 எல்.இ.டி. என்றால் 55 அங்குல டிவிக்கு 156 எல்.இ.டி., ஒன்பது ஆம்பியருக்கு மேல்! டபிள்யூ.எல்.இ.டி.யில் உச்ச மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் வசதி இருக்கிறது. அடாப்டரின் அளவை அதில் கட்டாயம் பதியுங்கள். ஸ்ட்ரிப்பின் கடைசி முனை வெள்ளைக்குப் பதில் செம்மஞ்சளாகத் தெரிந்தால் அங்கே வோல்டேஜ் குறைகிறது என்று பொருள், நீல எல்.இ.டி.க்குச் சிவப்பைவிட அதிக வோல்டேஜ் தேவை என்பதால் முதலில் மங்குவது நீலம். அந்த முனைக்கும் அடாப்டரிலிருந்து தனியாக வயர் கொடுத்தால் சரியாகும். அடாப்டரில் பி.ஐ.எஸ். என்ற இந்தியத் தர முத்திரையும் 'ஆர்' எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா பார்த்து வாங்குங்கள். ராத்திரி முழுக்க டிவிக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாமல் சூடேறிக்கொண்டிருக்கும் பொருள் அது.

நான்காம் படி: ஒட்டுவது

ஸ்ட்ரிப்பை ஒட்டுவதற்கு முன்பே மின்சாரம் கொடுத்து எல்லா நிறத்திலும் எரிகிறதா என்று பாருங்கள். ஒட்டிய ஸ்ட்ரிப்பைக் கடை திரும்ப எடுப்பது கஷ்டம். ஆனால் சுருளாக வைத்தபடி நெடுநேரம் எரியவிடக் கூடாது, சூடு வெளியேறாது.

டிவியின் முதுகை உலர்ந்த துணியால் தூசு தட்டி, ஐசோபுரோபைல் ஆல்கஹால் லேசாக நனைத்த துணியால் துடைத்துக் காயவிடுங்கள். ஓரத்திலிருந்து நாலைந்து சென்டிமீட்டர் உள்ளே தள்ளி ஒட்ட வேண்டும். ஓரத்திலேயே ஒட்டினால் பக்கவாட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு எல்.இ.டி. தெரியும். காற்றுத் துளைகளை மூடாதீர்கள். மூலைகளில் ஸ்ட்ரிப்பைப் பக்கவாட்டில் வளைக்கக் கூடாது, செம்புத் தடம் விரிசல் விடும். சிறு வளைவாகத் தூக்கி மடித்துத் திருப்புங்கள். நம் வெயிலில் ஒட்டும் டேப் மட்டும் தாங்காது. செட்டோடு வரும் கிளிப்புகளை மூலைகளில் கண்டிப்பாகப் போடுங்கள்.

கேமரா வகையில் அளவு பிடிக்கத் திரைமேல் சிறு ஆரஞ்சு நுரைத் துண்டுகளை ஒட்டச் சொல்வார்கள். விரலால் அழுத்தாமல் மெல்ல வைத்து, வேலை முடிந்ததும் பக்கவாட்டில் உருட்டி எடுங்கள். பேனல் மெல்லியது.

ஐந்தாம் படி: வெளிச்சத்தை அளந்து வைப்பது

இதைத்தான் பெரும்பாலோர் செய்வதில்லை. பின்னணி வெளிச்சம் திரையின் உச்ச வெள்ளையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது என்பது தொழில்முறை வழக்கு. எச்.டி.ஆர். படத்தை மதிப்பிடும் அறைக்கு சர்வதேசத் தொலைத்தொடர்பு அமைப்பான ஐ.டி.யு.வின் பி.டி.2100 பரிந்துரை இன்னும் குறைத்து, சதுர மீட்டருக்கு 5 கேண்டெலா என்கிறது. அதாவது நீங்கள் நினைப்பதைவிட மிக மங்கல்.

பத்தில் ஒரு பங்கைக் கண்ணால் எடைபோட முடியாது, ஃபோனால் முடியும். அறையை இருட்டாக்கி, டிவியைச் சினிமா மோடில் வைத்து, திரை முழுக்க வெள்ளைப் படம் போடுங்கள். ஃபோன் கேமராவை புரோ மோடில் வைத்து, ஷட்டர் 1/100இல் (நொடியில் நூறில் ஒரு பங்கு நேரம்) திரையை மட்டும் ஒரு படம் எடுங்கள். வெள்ளை முற்றிலும் வெளுத்துப்போகாமல் வெளிர்சாம்பலாக வரும்படி ஐ.எஸ்.ஓ.வை, அதாவது கேமராவின் ஒளி உணர்திறனை, இந்தப் படத்திலேயே சரிசெய்து கொள்ளலாம். பிறகு ஐ.எஸ்.ஓ.வை மாற்றாமல் ஷட்டரை மட்டும் 1/10 ஆக்கி, டிவிக்கு வெளியே சுவரில் வெளிச்சம் நன்றாகப் படும் இடத்தை எடுங்கள். பத்து மடங்கு நேரம் என்பதால், இரண்டு படங்களிலும் வெளிச்சம் ஒரே அளவாக இருந்தால் சுவர் சரியாகப் பத்தில் ஒரு பங்கு. சுவர் கூடுதலாகத் தெரிந்தால் ஆப்பில் குறைத்துக்கொண்டே வாருங்கள்.

நிறத்துக்கு, டிவியின் கலர் டோனை வார்ம் 2 போன்ற நிலையில் வைத்துத் திரை முழுக்க நடுத்தரச் சாம்பலைப் போடுங்கள். சுவர் ஒளி சாம்பலைவிட நீலமாகவோ ரோஸாகவோ தெரிந்தால் ஆப்பில் கெல்வினை நகர்த்துங்கள்.

நிறம் மாறும் விளக்கிலும் சில அமைப்புகள் முக்கியம். நம் படங்கள் பல 2.35க்கு 1 என்ற அகலத் திரை அளவில் வருபவை. டிவியில் மேலும் கீழும் கறுப்புப் பட்டை இருக்கும். கறுப்புப் பட்டையைக் கண்டுபிடித்துத் தவிர்க்கும் வசதி இல்லாத சாதனத்தில் படம் முழுக்க மேல்புற விளக்கு அணைந்தே கிடக்கும். செய்திச் சேனலில் சிவப்புப் பட்டை ஓயாமல் ஓடும், கிரிக்கெட்டில் சுவர் சாயங்காலம் முழுக்கப் பச்சை. இவற்றுக்கெல்லாம் நிலையான வெள்ளையைப் போட்டுவிடுங்கள். நிறம் மாறும் வேகத்தைக் குறைத்தே வையுங்கள். வீட்டில் யாருக்காவது வலிப்பு நோய் இருந்தால் மின்னி மின்னி மாறும் விளக்கை மருத்துவரைக் கேட்காமல் போட வேண்டாம்.

கணினி மேசைக்கு

கணினியில் பெட்டியோ கேமராவோ தேவையில்லை. திரையில் இருப்பதை மென்பொருளே படித்துவிடும். ஹியூவின் சிங்க் ஆப், பிரிஸ்மாட்டிக் போன்றவை இலவசம். உரிமைப் பாதுகாப்புள்ள ஓ.டி.டி. படங்கள் மட்டும் மென்பொருளுக்குக் கறுப்பாகத் தெரிந்து விளக்கு அணைந்துபோகலாம். விண்டோஸ் 11இல் 2023 முதல் டைனமிக் லைட்டிங் என்ற வசதி இருக்கிறது. அதற்குப் பொருந்தும் கீபோர்டு, மவுஸ் விளக்குகளை ஒவ்வொரு கம்பெனியின் மென்பொருளையும் நிறுவாமலேயே ஓரளவு கட்டுப்படுத்தலாம்.

வேலை பார்க்கும் மேசைக்குப் பின்னணி வெளிச்சம் மட்டும் போதாது. காகிதமும் கீபோர்டும் தெரிய முன்னாலும் வெளிச்சம் வேண்டும். எழுதுவது, படிப்பது போன்ற வேலைக்கு 500 லக்ஸ் (மேசைமேல் விழும் வெளிச்சத்தின் அளவு) என்பது அலுவலகங்களுக்கான ஐரோப்பியத் தரம். மானிட்டர்மேல் உட்காரும் லைட் பார் திரையில் பிரதிபலிக்காமல் மேசையை மட்டும் நனைக்கும்படி சாய்வாக வெளிச்சம் தரும். ராத்திரி ஷிப்ட் பார்ப்பவர்களும் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளும் நிறம் மாறும் ஸ்ட்ரிப்புக்கு முன் இதற்குச் செலவழிப்பது மேல். மேசை சுவரைப் பார்க்காமல் அறையின் நடுவைப் பார்த்து இருந்தால் மானிட்டருக்குப் பின்னால் வெளிச்சம் படச் சுவரே இராது. அப்போது ஸ்ட்ரிப் வாங்க வேண்டாம்.

வைஃபையும் கரண்ட் கட்டும்

ஸ்மார்ட் விளக்குகளில் பல 2.4 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டுமே இணையும். ரவுட்டரில் 2.4, 5 இரண்டும் ஒரே பெயரில் இருந்து இணைப்பு கிடைக்காவிட்டால், 5ஐத் தற்காலிகமாக அணைத்து விளக்கைச் சேர்த்துவிட்டு மறுபடி போடுங்கள். மேட்டர் என்ற பொதுத்தரம் 2022 அக்டோபரில் வெளிவந்தது. அந்த முத்திரை உள்ள விளக்கைக் கூகுள், அலெக்ஸா, ஆப்பிள் எதிலும் சேர்க்கலாம். ஆனால் திரையோடு நிறம் மாறும் வசதி மட்டும் அந்தந்தக் கம்பெனி ஆப்பிலேயே இருக்கும். பல பிராண்டுகளைக் கலந்து வாங்குவதற்கு முன் இதை யோசியுங்கள்.

கரண்ட் போய் வந்தால் விளக்கு என்ன செய்ய வேண்டும் என்ற அமைப்பு பெரும்பாலான ஆப்களில் இருக்கிறது. தொடக்கத்தில் அது 'எரியட்டும்' என்றே இருக்கும் சாதனங்கள் உண்டு. ராத்திரி இரண்டு மணிக்குக் கரண்ட் வந்ததும் ஹாலில் படுத்திருப்பவர் முகத்தில் முழு வெள்ளை அடிக்கும். நிறுவிய அன்றே அதை 'முன்பிருந்த நிலை' என்று மாற்றி, மெயின் ஸ்விட்சை ஒருமுறை அணைத்துப் போட்டு, அணைந்தே இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.